விலை வரைபடம் எதைக் காட்டும், எதைக் காட்டாது? பங்குச் சந்தையில் கால் வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் புலனக் குழுவில் ஒரு படம் வந்து விழுகிறது. பச்சையும் சிவப்புமாகச் சிறு கட்டங்கள், மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, அடியில் "இன்றே வாங்குங்கள், வெள்ளிக்கிழமைக்குள் இரட்டிப்பு" என்று ஒரு வரி. ஜாசின், மெர்லிமாவ் தோட்டப்புறமானாலும் அலோர் காஜா, மலாக்கா பட்டணமானாலும் இப்படிப் படம் வராத கைப்பேசி இன்று அரிது.

படத்தில் உள்ள விலை உண்மையாகவே இருக்கலாம். அது எதைச் சொல்கிறது என்று தெரியாமல், அனுப்பியவர் சொன்ன பொருளை அப்படியே நம்பிச் சேமிப்பை எடுத்துப் போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. விலை வரைபடத்தைப் படிப்பது எப்படி, அதை நம்பி வாங்கி விற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது, சாதாரணக் குடும்பத்திற்கு அது எந்த அளவுக்கு உதவும் என்பதை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விலைக் கோடு நமக்குப் புதிதல்ல

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் கன்றுகளை நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் தோட்டம் எழுந்தது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அதே ஆண்டில்தான் மலாக்காவில் சைம் டார்பி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தோட்டப் பிரிவு 2017இல் புர்சா மலேசியாவில் தனியாகப் பட்டியலிடப்பட்டு, 2024 முதல் எஸ்டி கத்ரி என்ற பெயரில் இயங்குகிறது.

ஏறிய விலை இறங்கியும் காட்டியது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் சில பென்ஸ்களுக்கு வீழ்ந்தது. தோட்டங்கள் ஆட்குறைப்பு செய்தன. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1950இல் கொரியப் போர் வெடித்ததும் விலை மீண்டும் உச்சிக்குப் போனது. லண்டனிலும் சிங்கப்பூரிலும் விலைக் கோடு வளைந்தபோதெல்லாம் இங்கே லயத்து வீடுகளின் அடுப்பும் அதற்கேற்ப எரிந்தது அல்லது அணைந்தது. நம் தாத்தா பாட்டிகள் வரைபடம் எதையும் பார்க்கவில்லை. அதன் விளைவை மட்டும் வாழ்ந்து பார்த்தார்கள்.

வரைபடம் பிறந்த கதை

விலையைப் படமாக்கும் பழக்கத்திற்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று ஜப்பானின் அரிசிச் சந்தை. ஒசாகாவின் டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. சகாத்தா ஊரைச் சேர்ந்த அரிசி வணிகர் ஹொம்மா முனெஹிசாவின் பெயரோடு இணைத்தே மெழுகுவர்த்தி வரைபடத்தைப் பலரும் பேசுகிறார்கள். இன்று கைப்பேசியில் தெரியும் பச்சை, சிவப்புக் கட்டங்கள் அந்த மரபில் வந்தவை.

மற்றொன்று அமெரிக்கா. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் நிறுவனர்களில் ஒருவரான சார்ல்ஸ் டோவ், 1896 மே மாதம் தொழில்துறைப் பங்குகளின் சராசரிக் குறியீட்டை வெளியிடத் தொடங்கினார். விலை ஒரு திசையில் போகத் தொடங்கினால் சிறிது காலம் அதே திசையில் போகும் என்ற 'போக்கு' பற்றிய எண்ணம் அவர் எழுத்துகளிலிருந்து வளர்ந்தது. மலாக்காவில் முதல் ரப்பர்க் கன்று நடப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

ஒரு கட்டத்தைப் படிப்பது எப்படி?

ஒவ்வொரு மெழுகுவர்த்தியும் ஒரு காலப் பகுதியின் நான்கு விலைகளைச் சொல்கிறது: தொடக்க விலை, முடிவு விலை, அதிகபட்சம், குறைந்தபட்சம். அந்தக் காலப் பகுதி ஒரு நாளாக இருக்கலாம், ஒரு வாரமாக இருக்கலாம், ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம்.

ஒரு பங்கு காலை 9 மணிக்கு 2 வெள்ளியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் 1 வெள்ளி 95 சென்னுக்கு இறங்கி, 2 வெள்ளி 12 சென் வரை ஏறி, மாலையில் 2 வெள்ளி 8 சென்னில் முடிகிறது. தொடக்கத்திற்கும் முடிவுக்கும் இடைப்பட்ட 8 சென்தான் தடித்த உடல். முடிவு உயர்ந்திருப்பதால் அது பச்சை. மேலே 4 சென்னும் கீழே 5 சென்னும் மெல்லிய திரியாக நிற்கும். முடிவு விலை தொடக்கத்தைவிடக் குறைந்திருந்தால் உடல் சிவப்பாகும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அன்று விற்க வந்தவர்கள் விலையை 1.95 வரை தள்ளினார்கள், வாங்க வந்தவர்கள் திரும்ப ஏற்றினார்கள் என்பது தெரிகிறது. நாளை என்ன நடக்கும் என்பது அதில் எழுதப்படவில்லை.

இன்னொரு குறிப்பு: படத்தைப் பார்த்ததும் முதலில் கவனிக்க வேண்டியது கால அளவு. ஐந்து நிமிட வரைபடத்தில் மலையாகத் தெரியும் ஏற்றம், வார வரைபடத்தில் ஒரு திரிக்குள் அடங்கிவிடும். குழுக்களில் வரும் படங்கள் பெரும்பாலும் ஏற்றம் மட்டும் தெரியும்படி வெட்டப்பட்டவை. இடது பக்கம் என்ன இருந்தது என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

அடிக்கடி காதில் விழும் சொற்கள்

போக்கு: ஒவ்வோர் உச்சமும் முந்தைய உச்சத்தைவிட உயர்ந்தும், ஒவ்வொரு பள்ளமும் முந்தைய பள்ளத்தைவிட உயர்ந்தும் இருந்தால் அது ஏறுமுகம். இரண்டும் தாழ்ந்துகொண்டே போனால் இறங்குமுகம். இரண்டுமில்லாமல் ஒரே பட்டைக்குள் அலைந்தால் பக்கவாட்டுப் போக்கு.

தாங்குநிலை, தடைநிலை: இறங்கும் விலை பலமுறை நின்று திரும்பிய இடம் தாங்குநிலை. ஏறும் விலை பலமுறை முட்டித் திரும்பிய இடம் தடைநிலை. முன்பு அங்கே வாங்கியவர்களும் விற்றவர்களும் அதே விலையை நினைவில் வைத்திருப்பதால் இவை உருவாகின்றன. இவை வேலிதான், மதில் அல்ல. உடையும்போது வேகமாக உடையும்.

நகரும் சராசரி: கடந்த சில நாள்களின் முடிவு விலைகளைக் கூட்டி வகுத்தால் கிடைப்பது. ஐந்து நாள் விலைகள் 2.00, 2.04, 2.08, 2.06, 2.12 என்றால் சராசரி 2.06. ஆறாம் நாள் 2.16க்கு ஏறினால், பழைய 2.00 வெளியேறி, சராசரி ஏறத்தாழ 2.09 ஆகிறது. விலை 2.16இல் நிற்க, சராசரி 2.09இல்தான் நிற்கிறது. சராசரி எப்போதும் விலைக்குப் பின்னால்தான் வரும். அது திரும்பிவிட்டது என்று நாம் பார்க்கும்போது ஒரு பகுதி ஏற்றமோ இறக்கமோ முடிந்திருக்கும்.

வணிக அளவு: படத்தின் அடியில் தெரியும் தூண்கள். எத்தனை பங்குகள் கைமாறின என்பதை அவை காட்டும். மிகக் குறைவாகக் கைமாறும் சில்லறைப் பங்குகளில் ஒரு சிலரே விலையை ஏற்றிக் காட்ட முடியும். அத்தகைய பங்கின் வரைபடத்தில் தெரியும் உருவங்களுக்கு மதிப்புக் குறைவு.

ஆர்எஸ்ஐ: 1978இல் வெல்ஸ் வைல்டர் வெளியிட்ட அளவுகோல். 70க்கு மேல் போனால் அளவுக்கு மீறி வாங்கப்பட்டது, 30க்குக் கீழ் போனால் அளவுக்கு மீறி விற்கப்பட்டது என்பது பொதுவான பொருள். வலுவான ஏறுமுகத்தில் பல வாரங்கள் 70க்கு மேலேயே நிற்பதும் உண்டு.

வரைபடம் அறியாத மூன்று நாள்கள்

இத்தனை கோடுகளையும் கற்றவர்களைக்கூடக் கவிழ்த்த நிகழ்வுகள் நம் நாட்டிலேயே உண்டு.

1997 பிப்ரவரியில் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1,271 புள்ளியில் இருந்தது. ஆசிய நிதி நெருக்கடியில் அது சரிந்து, 1998 செப்டம்பர் 1ஆம் தேதி 262 புள்ளிக்கு வந்தது. 100 வெள்ளி ஏறத்தாழ 21 வெள்ளியான கதை. வழி நெடுகிலும் தாங்குநிலைகள் இருந்தன. ஒவ்வொன்றும் உடைந்தது. அதே செப்டம்பர் 1ஆம் தேதி அரசு நாணயக் கட்டுப்பாட்டை அறிவித்து, மறுநாள் அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மாற்று விகிதத்தை நிலைப்படுத்தியது. சில நாள்களில் குறியீடு வேகமாக மீண்டது. இறங்குமுகத்தின் அடிமட்டத்தை முடிவுசெய்தது ஒரு கொள்கை அறிவிப்பு. அது எந்தக் கோட்டிலும் முன்கூட்டியே தெரியவில்லை.

2020இல் கோவிட் பெருந்தொற்று கையுறை நிறுவனங்களின் பங்குகளை உயர்த்தியது. டாப் கிளவ் பங்கு அவ்வாண்டு அக்டோபரில் 9 வெள்ளியைத் தாண்டியது. நவம்பர் 9ஆம் தேதி தடுப்பூசி ஆய்வின் நல்ல முடிவு வெளியானதும் கையுறைப் பங்குகள் விழுந்தன. 2022க்குள் டாப் கிளவ் ஒரு வெள்ளிக்கும் கீழே இறங்கியிருந்தது. "ஏறுமுகத்தில் சிறு சறுக்கல், இப்போது வாங்கலாம்" என்று வழியில் சேர்த்தவர்கள் பலமுறை சேர்த்து பலமுறை இழந்தார்கள். இதே பங்கில் இன்னொரு பாடமும் உண்டு. 2020 செப்டம்பரில் ஒரு பங்குக்கு இரண்டு இலவசப் பங்குகள் தரப்பட்டன. அதனால் பங்கின் விலை ஒரே நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சரிசெய்யப்பட்டது. விவரம் அறியாமல் பழைய விலையோடு ஒப்பிட்டவருக்கு அது பெருவீழ்ச்சியாகவும் மலிவு விலையாகவும் தோன்றும்.

மூன்றாவது செம்பனை எண்ணெய். 2020 மே மாதத்தில் டன்னுக்கு 2,000 ரிங்கிட் அளவில் இருந்த விலை, ரஷ்யா–உக்ரேன் போர் தொடங்கிய பின் 2022 மார்ச்சில் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடை செய்தது; மே 23ஆம் தேதி அந்தத் தடையை நீக்கியது. ஜூலையில் விலை 4,000க்குக் கீழே இருந்தது.

செம்பனை முன்பேர வணிகம்: தெரிந்த பயிர், தெரியாத ஆழம்

கோலாலம்பூரில் செம்பனை எண்ணெய் முன்பேர வணிகம் 1980 அக்டோபரில் தொடங்கியது. இன்று உலக செம்பனை விலைக்கு அதுவே அளவுகோல். "தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குத் தெரியாத செம்பனையா?" என்ற எண்ணத்தில் இதில் இறங்குவோரும் உண்டு. கணக்கைப் பார்த்த பிறகு முடிவுசெய்வது நல்லது.

ஓர் ஒப்பந்தம் என்பது 25 டன். விலை 4,000 ரிங்கிட் என்றால் ஒப்பந்தத்தின் மதிப்பு 100,000 ரிங்கிட். முழுத் தொகையையும் கட்ட வேண்டியதில்லை. ஒரு சிறு பகுதியை முன்பணமாக வைத்தால் போதும். ஆதாயமும் நட்டமும் மட்டும் முழு 25 டன்னுக்கும் கணக்கிடப்படும். டன்னுக்கு 100 ரிங்கிட் மாறினால் 2,500 ரிங்கிட். அப்படி ஒரு மாற்றம் ஒரே நாளில் நடப்பது அதிசயமில்லை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால் ஆழம் புரியும். முன்பணம் கரைந்தால் மேலும் கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் ஒப்பந்தம் நட்டத்திலேயே முடிக்கப்படும்.

மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் மாதந்தோறும் 10ஆம் தேதி வாக்கில் கையிருப்புக் கணக்கை வெளியிடுகிறது. அந்த நிமிடத்தில் விலை எந்தப் பக்கமும் துள்ளலாம். எதிர்த்தரப்பில் நிற்பவர்கள் எண்ணெய் ஆலைகள், ஏற்றுமதியாளர்கள், பெரிய நிதி நிறுவனங்கள். அவர்களிடம் விளைச்சல் கணக்கும் கப்பல் கணக்கும் இருக்கின்றன.

நான்கைந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு விலை வரைபடம் வேறு விதத்தில் பயன்படும். பழுத்த குலையை நல்ல விலை வரும்வரை மரத்தில் விட்டுவைக்க முடியாது. வெட்டிய குலை உடனே ஆலைக்குப் போயாக வேண்டும். ஆனால் விலை பல ஆண்டு உச்சத்தில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று தெரிந்தால், உரத்திற்கும் மறுநடவுக்கும் எவ்வளவு ஒதுக்கலாம், புதிய கடன் வாங்கலாமா என்று நிதானிக்க உதவும். உச்சத்தில் வரும் வருமானத்தை நிரந்தர வருமானமாக எண்ணி லோரிக்குத் தவணை கட்டத் தொடங்குவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

எத்தனை பேர் ஜெயிக்கிறார்கள்?

தைவானில் 1992 முதல் 2006 வரையிலான தினசரி வணிகர்களின் கணக்குகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். கட்டணம் போக, எதிர்பார்க்கத்தக்க வகையில் லாபம் ஈட்டியோர் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பிரேசிலில் குறியீட்டு முன்பேர வணிகத்தில் 300 நாள்களுக்கு மேல் விடாமல் ஈடுபட்டவர்களில் 97 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். அந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தவர்கள் 1.1 விழுக்காடு மட்டுமே. இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர, விருப்பத்தேர்வு வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர்.

இவர்களில் பெரும்பாலோர் வரைபடம் பார்க்காதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கட்டணம் ஒரு காரணம். 1,000 வெள்ளிக்குப் பங்கு வாங்கி விற்கும் ஒருவரிடம் தரகு நிறுவனம் ஒவ்வொரு முறையும் குறைந்தது 8 வெள்ளி வாங்குவதாகக் கொள்வோம். முத்திரை வரி, தீர்வுக் கட்டணம் சேர்த்தால் போக வர 18, 19 வெள்ளி ஆகிவிடும். மாதத்தில் நான்கு முறை இப்படிச் செய்தால் 75 வெள்ளி. அதாவது முதலில் 7.5 விழுக்காடு, விலை அசையாமலேயே கரைந்துவிடும். ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டு முழுவதற்கும் அறிவித்த லாப ஈவு 6.3 விழுக்காடு என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2024 மே 11 முதல் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்குப் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிகிறது. அதை எடுத்து வணிகம் செய்பவர் முதலில் இந்த 6.3 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும்.

அப்படியானால் வரைபடத்தால் என்ன பயன்?

எவ்வளவு இழந்தால் போதும் என்று வாங்கும் முன்பே முடிவுசெய்ய அது உதவும். அதுவே அதன் நேர்மையான பயன்.

வணிகத்திற்கென்று ஒதுக்கியது 5,000 வெள்ளி என்க. ஒரு முறை தவறினால் 2 விழுக்காடு, அதாவது 100 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானிக்கிறார் ஒருவர். பங்கு 2 வெள்ளியில் இருக்கிறது. தாங்குநிலை 1 வெள்ளி 90 சென்னில் தெரிகிறது. அது உடைந்தால் தன் கணிப்பு தவறு என்று ஏற்று விற்றுவிடுவார். பங்குக்கு 10 சென் நட்டம் என்றால், 100 வெள்ளிக்கு 1,000 பங்குகள். அதாவது 2,000 வெள்ளிக்கு மேல் வாங்கக் கூடாது. தாங்குநிலை 1 வெள்ளி 80 சென்னில் இருந்தால் 500 பங்குகள்தான். இந்தக் கணக்கைப் போட்டுக் காகிதத்தில் எழுதிய பிறகே வாங்க வேண்டும். வாங்கிய பின் எழுதினால் மனம் எல்லையைத் தள்ளிக்கொண்டே போகும்.

இதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. இரவில் கெட்ட செய்தி வந்து, மறுநாள் காலை விலை நேராக 1 வெள்ளி 80 சென்னில் திறந்தால், நட்டம் 100 அல்ல, 200. ஆகவே பிள்ளையின் படிப்புக் காசு, வீட்டு முன்பணம், கடன் வாங்கிய காசு ஆகியவற்றை இதில் வைக்கக் கூடாது. பாதியை இழந்தவர் பழைய இடத்திற்கு வர 100 விழுக்காடு லாபம் பார்க்க வேண்டும்.

விலையே தெரியாத முதலீடு இதைவிட இருட்டு. 1982இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்சில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மலேசிய இந்தியர்கள் 10 கோடி வெள்ளிக்கும் மேல் போட்டார்கள். கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் போட்ட தோட்டத்துக் குடும்பங்கள் உண்டு. அந்தப் பங்கு சந்தையில் பட்டியலிடப்படவில்லை. அதனால் அன்றாட விலை எந்தத் திரையிலும் தெரியவில்லை, நினைத்தபோது விற்கவும் வழியில்லை. 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் தர ஒரு நிறுவனம் முன்வந்தது. இடையில் 28 ஆண்டுகள். ஒரு முதலீட்டின் விலையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், விரும்பும் நாளில் விற்கலாம் என்பது எத்தனை பெரிய பாதுகாப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பணம் அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

- முதலீட்டு ஆலோசனை வழங்கவும் பிறர் பணத்தை நிர்வகிக்கவும் 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின்படி உரிமம் தேவை. பங்குச் சந்தையை மேற்பார்வையிடும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் அகப்பக்கத்தில் உரிமம் பெற்றோர் பட்டியலும் எச்சரிக்கைப் பட்டியலும் உள்ளன. இரண்டையும் பார்க்க வேண்டும். எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பது மட்டும் நற்சான்று ஆகாது.

- புர்சாவில் பங்கு வாங்க உங்கள் பெயரில் சிடிஎஸ் கணக்கு இருக்க வேண்டும். "என் கணக்கில் போடுங்கள், நான் வாங்கித் தருகிறேன்" என்பவர் உறவினராக இருந்தாலும் மறுத்துவிடலாம்.

- உறுதியான லாபம் என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

- செயலியில் லாபம் தெரிந்து, அதை எடுக்க முதலில் 'வரி' அல்லது 'கட்டணம்' கட்டச் சொன்னால் அது மோசடியின் அடையாளம். மேலும் ஒரு காசும் அனுப்பக் கூடாது.

- பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனேயே வங்கிக்கும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் அழைத்து, காவல்துறையில் புகார் செய்ய வேண்டும். பணம் கைமாறிப் போகும் முன் தடுக்க ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வெட்கப்பட்டு மறைப்பது மோசடிக்காரருக்கே உதவும்.

கற்க விரும்புவோர் பணமில்லாமலே தொடங்கலாம். தெரிந்த ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் தினமும் முடிவு விலையைப் பள்ளி நோட்டில் எழுதி, எங்கே வாங்கியிருப்போம், எங்கே விற்றிருப்போம், கட்டணம் போக என்ன மிஞ்சியிருக்கும் என்று குறித்து வரலாம். அந்த நோட்டு நட்டம் காட்டினால், போனது பேனா மையோடு போகட்டும்.